மூடிக்கு ஒரு பொட்டு

அவளுடைய தண்ணீர் பாட்டிலுக்குப் பொட்டு வைத்திருக்கும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மூடியை இறுக்கித் திருகியபின், மூடியில் பாதியும் கழுத்தில் பாதியுமாக விழும்படி ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுவாள். யாராவது திறந்தால் பொட்டு பெயரும், இல்லாவிட்டால் இடம் மாறும். குடிப்பதற்கு முன் பாட்டிலைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பொட்டைப் பார்ப்பாள். சரியாக இருந்தால் குடிப்பாள். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் போதும், எழுந்து போய் ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டு வருவாள். எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த செம்பருத்திச் செடி அந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தது என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் அவை. தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் எழுத்தர். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளும் எழுத்தராக வந்து என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தாள். நீளம் தாண்டுகிறவள். காலையில் மைதானத்துக்குப் போய்விட்டுப் பதினோரு மணிக்கு வருவாள், மூன்று மணிக்கு மறுபடி மைதானத்துக்குப் போய்விடுவாள். அனுமதி பெற்றுத்தான் போனாள் என்றாலும் மற்றப் பெண்களுக்கு வயிறு எரிந்தது. "ஓடிவந்து மணல்ல விழறதுக்கெல்லாம் சம்பளம்" என்று எங்கள் தட்டச்சு அக்கா அவள் காதுபடவே சொல்வாள். அவளுக்கு அது உறைக்காது. அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறைக்கும்: யாராவது எதையாவது அவள் பக்கம் நகர்த்தி வைத்தால், அது என்ன, ஏன் நகர்த்தினாய்.

மதியச் சாப்பாடு ஒரு சோதனையாகவே இருந்தது. எங்கள் அலுவலகத்தில் டப்பாக்களைத் திறந்து நடுவில் வைத்துவிட்டால் யாருடையது யாருடையது என்று கிடையாது. அவள் மட்டும் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து தன் டப்பாவை மடியில் வைத்துச் சாப்பிடுவாள். ஒரு வாய் நீட்டினால்கூட, "வோணாம்க்கா" என்று டப்பாவைக் கையால் மூடிக்கொள்வாள். நான் போட வந்தேனா, எடுக்க வந்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

என் பெண்ணுக்குப் பிறந்தநாள் வந்தபோது ரவா கேசரி செய்து எடுத்துப் போனேன். முந்திரியைத் தனியாக நெய்யில் வறுத்து, அவளுக்கென்று ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்தேன். வாங்கிக்கொண்டாள். "டாங்க்ஸ்க்கா" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பத்து நிமிஷம் கழித்துக் கை கழுவப் போனேன். பின்வாசலில் ஒரு கறுப்பு நாய் முந்திரியை ஒதுக்கிவிட்டுக் கேசரியை நக்கிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் நின்று, நாய்க்கு ஏதாவது ஆகிறதா என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதை நான் மறக்கவும் இல்லை, இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அவள் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். வேலைக்காகப் பீர்க்கன்கரணையில் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வாரம் ஒருநாள் அவளுடைய அம்மா மீன்கூடையோடு தாம்பரம் மார்க்கெட்டுக்கு வருவாள், வந்தால் எங்கள் அலுவலகத்துக்கும் வந்துவிடுவாள். அவள் வந்தால் அலுவலகமே பின்வாசலுக்குப் போய்விடும். ஒருநாள் மகளும் வாங்க வந்து நின்றாள். அம்மா சங்கரா மீனை எடுத்து நீட்டினாள். மகள் அதை வாங்கி, செவுளைத் தூக்கிப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். பிறகுதான் பையில் போட்டாள்.

"பெத்த தாய்கிட்டயே செவுளத் தூக்கிப் பாக்கறாளே, நீங்க ஒண்ணும் சொல்லமாட்டீங்களா?" என்று நான் கேட்டேன்.

அந்த அம்மாள் வெற்றிலைக் கறையோடு சிரித்தாள். "நான்தாம்மா கத்துக் குடுத்தேன். செவுள் பாக்காம வாங்கறவ ஏமாந்துகினேதான் இருப்பா. நானே எத்தினி பேர ஏமாத்திக்கீறேன், எனுக்குத் தெர்யாதா?"

அம்மாள் சிரித்தாளே தவிர, மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது பழமொழி இல்லை, பாடம்.

அவளுக்கு ஏன் இப்படி என்று ஒருமுறை மட்டும் சொன்னாள். படிக்கும் காலத்தில் விளையாட்டு விடுதியில் அவளுக்கு மூத்த ஒரு பெண் இருந்தாளாம். அவளும் நீளம் தாண்டுகிறவள், நன்றாகத் தாண்டுவாளாம். போட்டிக்கு முந்தின நாள் அவளுக்கு இருமல். கூடத் தங்கியிருந்த ஒருத்தி பாசமாக ஒரு டானிக் கொடுத்தாளாம். ஊக்கமருந்துச் சோதனையில் அந்தப் பெண் மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டு வர்சம் மைதானத்துக்குள்ளயே வுடலக்கா. அப்பால அந்தக்கா தாண்டவே இல்ல."

"டானிக் குடுத்தவளுக்கு அது தெரியுமா, தெரியாமக் குடுத்தாளா?"

"அதான் இன்னி வரைக்கும் யாருக்கும் தெர்யாது" என்றாள். "வேணும்னு செஞ்சாளோ, தெர்யாம செஞ்சாளோ, மாட்னது அந்தக்காதானே."

அன்றைக்கு எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. மறுநாள் பாட்டிலில் பொட்டைப் பார்த்ததும் போய்விட்டது. இரக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு.

இதில் வேடிக்கை, அந்தப் பொட்டு என்னுடையது. மனிதர்களிடமிருந்து அவள் வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அதுதான். முதல் மாதத்தில் ஒருநாள் அவளுடைய பாக்கெட் தீர்ந்துபோய் என்னிடம் கேட்டாள். அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு என் மேஜை முன் வந்து நின்று, "ஒரு பொட்டு குடுக்கா" என்பாள். நான் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டுவேன். இரண்டு பிய்த்துக்கொள்வாள், ஒன்று நெற்றிக்கு, ஒன்று பாட்டிலுக்கு.

"கேசரி வேணாம், பொட்டு மட்டும் வேணுமா?" என்று ஒருநாள் இடித்தேன்.

"பொட்டுல இன்னா கலக்க முடியும்?" என்றாள்.

சந்தேகப்படுகிறவளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கும் சந்தேகம் தொற்றிக்கொள்ளும். அந்தப் பாட்டிலில் என்னதான் இருக்கிறது என்று நாங்கள் பேசத் தொடங்கினோம். ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் எதற்குப் பூட்டுப் போடுகிறாள்? இவளே ஏதாவது மருந்து குடிக்கிறாளோ? அவளுடைய தொடைகளைப் பாருங்கள், அது சோறு தின்று வந்த தொடையா என்றாள் தட்டச்சு அக்கா. பேச்சு ஒரு வாரம் ஓடியது. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொட்டு அட்டை என்னிடம்தானே இருந்தது.

ஒருநாள் அவளை அதிகாரி உள்ளே கூப்பிட்டார். அவள் அறைக்குள் போனதும் நான் பாட்டிலை எடுத்தேன். பொட்டை நகத்தால் நெம்பினேன், கிழிந்துவிட்டது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். புளித்த வாசனை. தட்டச்சு அக்கா ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, "அட, நீராகாரம்" என்றாள். பழைய சோற்றுத் தண்ணீரும் உப்பும். வேறொன்றும் இல்லை. நான் புதுப் பொட்டு ஒன்றை எடுத்து, பழையது இருந்த இடத்திலேயே ஒட்டி, பாட்டிலை அதே ஈர வட்டத்தின் மேல் வைத்தேன். ஒரு திருடி செய்யவேண்டிய எல்லாவற்றையும் பதறாமல் செய்தேன்.

அவள் வந்தாள். பாட்டிலைத் தூக்கினாள். ஒரு கண்ணை மூடினாள். பிறகு கையை இறக்கி, எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள். என் முகத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றதுபோல் எனக்குத் தோன்றியது. எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கொட்டினாள். அந்த நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை, அப்படியே மைதானத்துக்குப் போனாள். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு வழக்கம்போல என் முன் வந்து நின்று, "ஒரு பொட்டு குடுக்கா" என்றாள். அப்பாடா, இவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன்.

சர்க்கரை வந்ததால் அந்த வருடம் எனக்குக் காலை நடை. அவள் பயிற்சி செய்யும் மைதானத்தைத்தான் நானும் சுற்றுவேன். அங்கே அவளைப் பார்ப்பது வேறு விதம். தாண்டும் பலகையிலிருந்து பின்னோக்கி டேப்பை இழுத்துக்கொண்டு போவாள். அளந்து முடித்த இடத்தில் கால்வைத்து நின்று, ஓடிவருவாள். பத்தொன்பது எட்டு எடுத்து வைப்பாள். இருபதாவது எட்டு பலகையில் விழவேண்டும். பலகையைத் தாண்டி ஒரு விரல்கடை விழுந்தாலும் அந்தத் தாண்டல் செல்லாது. அதனால் ஓட்டம் தொடங்கும் இடம்தான் உயிர் என்றாள். எல்லோரும் அந்த இடத்துக்கு ஓர் அடையாளம் வைப்பார்கள். அவள் செருப்பை வைத்திருந்தாள். ஆனால் ஓடத் தொடங்கியது செருப்புக்கு ஒரு முழம் தள்ளி.

"செருப்பு இங்க இருக்கே" என்றேன்.

"அது மத்தவங்களுக்கு. நவுத்தணும்னு நெனைக்கிறவ அத்த நவுத்திட்டுப் போட்டும். நானே தபா தபா எடம் மாத்தி வெப்பேன்."

"அப்ப நிஜ அடையாளம் எங்க?"

"அத்த சொல்லிட்டா அப்பால அது இன்னா அடையாளம்?" என்றாள். சொல்லிவிட்டுக் குனிந்து ஷூ கயிறு கட்டுவதுபோல ஓடுபாதையின் ஓரக் கோட்டில் விரலால் எதையோ அழுத்தினாள். நான் என் நடையைத் தொடர்ந்தேன். நான் பார்த்தேனா? பார்த்தேன். என்ன என்று புரிந்ததா? இந்தக் கேள்வியை இன்றுவரை பலமுறை என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் அவளுக்கு இருபத்தெட்டு வயது. மாநிலப் போட்டியில் ஆறு மீட்டர் நாற்பது தாண்டினால் வெளிநாட்டுப் போட்டிக்கான பயிற்சி முகாமில் சேர்த்துக்கொள்வார்கள். அடுத்த வருடம் வயதைக் காட்டித் தள்ளிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பயிற்சியில் அந்தத் தூரத்தை இரண்டு முறை தாண்டியிருந்தாள். போட்டியில் ஒருமுறையும் இல்லை. இதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்த அம்மாவிடம், "ஆறு நாப்பது ஆவட்டும்" என்று சொல்லியிருந்தாள்.

போட்டியை நடத்த எங்கள் துறையும் ஆள் கொடுத்தது. ஒரு கல்லூரி மைதானத்தில், மணல் குழிக்குப் பக்கத்தில், பந்தலும் இல்லாமல் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். தாண்டிய தூரத்தை நடுவர் சொல்லச் சொல்லக் கட்டத்தில் எழுதுவது என் வேலை. என் வீட்டுக்காரர் அந்த வாரம் டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ராத்திரி அங்கே, பகலில் இங்கே என்று நான் பாதி உயிராக இருந்தேன்.

ஆளுக்கு ஆறு தாண்டல். ஐந்து முடிந்திருந்தது. அவளுடைய ஐந்தாவது, ஆறு மீட்டர் முப்பத்தாறு. மணலில் ஆறு நாற்பதுக்கு நேரே ஒரு சின்ன அட்டை நட்டிருந்தார்கள். அவள் வந்து அட்டைக்கும் தன் தடத்துக்கும் நடுவே இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசிச் சுற்றுக்கு முன் சின்ன இடைவேளை விட்டார்கள். தண்ணீர் குடிக்க ஓடுபாதையின் ஓரமாகவே நடந்தேன். முகத்தை முந்தானையால் துடைத்தபோதுதான் நெற்றி வெறுமையாக இருப்பது தெரிந்தது.

வேறொரு நாளாக இருந்தால் போனால் போகிறது என்று இருந்திருப்பேன். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வெறும் நெற்றியோடு நிற்க யாருக்கு மனசு வரும்? கைப்பை ஆஸ்பத்திரியில். வந்த வழியைப் பார்த்தேன். ஓடுபாதையின் வெள்ளைக் கோட்டின்மேல் ஒரு மெரூன் பொட்டு இருந்தது. என் பொட்டேதான், அதே அளவு, அதே நிறம். தெய்வமே என்று குனிந்து எடுத்து, முந்தானையில் துடைத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டேன். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியதை நாலு நாள் எடுத்து எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள்தானே நாமெல்லாம்.

அவள் முறை வந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் ஓடுபாதையின் கோடிக்குப் போய்க் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. முட்டி போட்டுக் கோட்டைத் தடவினாள். செருப்பு எங்கேயோ இருந்தது, அதை அவளே ஐந்து முறை இடம் மாற்றியிருந்தாள்.

"சார், ஒரு தபா அளந்துக்கறேன் சார்" என்று கையைத் தூக்கினாள்.

"டைம் ஓடுதும்மா. ஒரு நிமிஷம்தான்" என்றார் நடுவர்.

கண்ணளவில் ஓர் இடத்தில் நின்றாள். ஓடிவந்தாள். அப்படி ஒரு தாண்டலை நான் பார்த்ததில்லை. அட்டையைத் தாண்டி, அட்டைக்கு அப்புறம் நல்ல ஒரு சாணுக்கும் மேலே போய் விழுந்தாள். சனம் ஓவென்று கத்தியது. நானும் எழுந்து கை தட்டினேன். பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பலகையை ஒட்டியிருந்த களிமண் பட்டையைக் குனிந்து பார்த்தார். சிவப்புக் கொடியைத் தூக்கினார். பட்டையில் அவள் ஷூ நுனி பதிந்திருந்தது. ஒரு விரல்கடை.

"அளந்தாச்சும் சொல்லுங்க சார்" என்று மணலில் உட்கார்ந்தபடியே கேட்டாள். செல்லாததை அளக்கமாட்டோம் என்றார்கள். மணலை வாரிச் சமன் செய்துவிட்டார்கள். நான் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டேன்.

அவள் என்னிடம் வந்தாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, நெற்றியைப் பார்த்தாள்.

"இது ஏதுக்கா?"

"என்னுதுதாம்மா. அங்க வழில விழுந்துடுச்சு."

அவள் கையை நீட்டி, நகத்தால் என் நெற்றியிலிருந்து பொட்டைப் பெயர்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பசைப் பக்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. ஓடுபாதைக் கோட்டின் சுண்ணாம்பு. எனக்கு அப்போதுதான் விளங்கியது, அவளுடைய நிஜ அடையாளம் அதுதான். அவள் குனிந்து, என் மடியிலிருந்த தாளில், நான் பெருக்கல் குறி போட்ட கட்டத்தின்மேல் அந்தப் பொட்டை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். "எய்திகினியா? சரி" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

என்னுடைய பொட்டு அன்று சாயங்காலம் கிடைத்தது. ஆஸ்பத்திரிக் குழாயில் கை கழுவும்போது பார்த்தேன், கைக்கடிகாரப் பட்டையில் ஒட்டியிருந்தது. வியர்வையைத் துடைத்தபோது கூடவே வந்திருக்கிறது. வீட்டுக்காரர் பிழைத்து வந்து இன்றைக்கும் என் குழம்பைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் அடுத்த மாதமே மாற்றல் கேட்டு வேறு கிளைக்குப் போய்விட்டாள். மேஜையைக் காலி செய்யும்போது நான் லீவில் இருந்தேன். வேண்டுமென்றே எடுத்த லீவு.

ஐந்து வருடம் கழித்து ஒரு மத்தியானம் ஏதோ சான்றிதழில் கையெழுத்து வாங்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. முட்டியில் பட்டை கட்டியிருந்தாள். தாண்டுவதை விட்டு மூன்று வருடம் ஆயிற்று என்றாள். அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். என் எதிரே உட்கார்ந்தாள். கையில் பாட்டில் இல்லை.

எத்தனையோ முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள், ஒன்றும் வரிசையாக வரவில்லை. "உன் பாட்டிலை ஒருநாள் திறந்தது நான்தான்" என்று கோணலாகத் தொடங்கினேன்.

"தெர்யும்" என்றாள். "அன்னிக்கே தெர்யும். காலைல வெச்ச பொட்டு மத்தியானத்துக்குள்ள ஓரம் கொஞ்சம் தூக்கிகினு இருக்கும். அது புத்சா இருந்திச்சு. புத்சு உன்கிட்டதான கீது."

"தெரிஞ்சுமா மறுநாள் என்கிட்ட வந்து பொட்டு கேட்ட?"

"ஆருன்னு தெரிஞ்சிட்டா அப்பால இன்னா பயம்? தெர்யாத ஆளுக்குத்தான்க்கா பயப்படணும்."

அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் அவளை அனுப்பினால் சாகும்வரை கேட்கமுடியாது என்று தோன்றியது. "அந்தக் கடைசித் தாண்டல்... கோட்டுமேல இருந்ததை நான் வேணும்னு எடுத்தேன்னா நெனைக்கிற?"

"நீ இன்னா நெனைக்கிற?"

இல்லை என்றுதான் சொல்லவந்தேன். சத்தியமாக எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லவந்தேன். ஆனால் அதற்குள் எல்லாம் ஞாபகம் வந்தது. காலை நடையில் அவள் குனிந்து கோட்டை அழுத்தியது. கேசரியை நக்கிய நாய். முக்கியமாக இன்னொன்று: தானாக விழுந்த பொட்டை விரலால் தட்டினாலே வந்துவிடும். கோட்டின்மேல் இருந்ததை எடுக்க நான் நகத்தைப் போட்டு நெம்பவேண்டியிருந்தது. நெம்பியபோது எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை? ஊரையே சந்தேகப்பட்டவளுக்குப் பக்கத்தில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தவள் நான்.

"தெரியலம்மா" என்றேன். "எனக்கே தெரியல."

அவள் தலையாட்டினாள். அந்தப் பதிலை மட்டும்தான் அவள் நம்பியிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன்.

"தண்ணி கீதா?" என்று கேட்டாள்.

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பானையிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீ மொதல்ல குடி" என்றாள்.

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. நியாயம்தான் என்றும் இருந்தது. பாதித் தண்ணீரை அவள் எதிரிலேயே வாய் வைத்துக் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வேறு தண்ணீர் எடுக்க எழுந்தேன். அவள் கையை நீட்டித் தம்ளரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து, மிச்சத் தண்ணீரை நிதானமாகக் குடித்தாள். குடித்து முடித்ததும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு தம்ளரின் அடியைப் பார்த்தாள்.